அரை இஞ்சு பைப்

சாவி அவருடைய பேண்ட் பையில் இருந்தது. முந்தாநாள் போட்டிருந்த பேண்ட், கதவுக்குப் பின்னால் ஆணியில் தொங்கியது. அவள் பைக்குள் கையை விட்டுத் துழாவியபோது கூடத்தில் உட்கார்ந்திருந்த பெண்கள் இரண்டு மூன்று பேர் எட்டிப் பார்த்தார்கள். நடுக்கூடத்தில் புருஷனைக் கிடத்தி வைத்துவிட்டு இவள் எதைத் தேடுகிறாள் என்று அவர்களுக்குத் தோன்றியிருக்கும். வாசலை மறித்துக்கொண்டு கார் நிற்கிறது, அதை நகர்த்தினால்தான் சாயங்காலம் வண்டி உள்ளே வரும் என்று கொழுந்தன் மூன்று முறை வந்து சொல்லிவிட்டான். அவனுக்குக் கார் ஓட்டத் தெரியாது. அவளுக்கும் தெரியாது. மகளுக்குத் தெரியும், ஆனால் அவள் இன்னும் ரயிலில் இருந்தாள். அறுநூறு பேருக்கு ஓட்டக் கற்றுக்கொடுத்த மனிதரின் வீட்டில் ஒரு காரை நாலடி தள்ளி நிறுத்த ஆள் இல்லை.

சாவியை எடுத்தபோது பேண்டின் இடுப்புப் பட்டியில் விரல் பட்டது. அவளே பிடித்துத் தைத்த மடிப்பு. இந்த நாலைந்து மாதத்தில் மூன்று முறை இடுப்பைக் குறைத்துக் கொடுத்துவிட்டாள். மூன்றாவது முறை, கல்யாணத்தன்று இருந்த மாப்பிள்ளை அளவுக்கு இளைத்துவிட்டீர்கள் என்று கேலி செய்தது ஞாபகம் வந்தது. பேண்டைத் திரும்ப ஆணியில் மாட்டிவிட்டு வாசலுக்கு வந்தாள்.

வெளியே போட்டிருந்த நாற்காலிகளில் அவரிடம் ஓட்டப் பழகியவர்கள்தான் அதிகம். யாரிடம் சாவியைக் கொடுப்பது என்று அவள் நின்றபோது முப்பத்தைந்து வயதுப் பெண் ஒருத்தி எழுந்து வந்தாள்.

"குடுங்கக்கா, நான் எடுக்கறேன்."

யார் என்று தெரியாமல் அவள் பார்த்தாள். அந்தப் பெண் கொஞ்சம் தயங்கிவிட்டு, "நான்தான்க்கா, கிளட்ச்," என்றாள்.

அப்போது தெரிந்துவிட்டது. அவர் யாரையும் பெயர் சொல்லிக் குறிப்பிட்டதில்லை. யாரிடம் என்ன குறையோ அதுதான் அவர்களுக்குப் பெயர். கிளட்ச் என்பவள் பேக்கரி வைத்திருக்கிறாள், காலைக் கிளட்ச்சிலிருந்து எடுக்கவே மாட்டாள். திடீர் பிரேக் ஒரு பள்ளிக்கூட வாத்தியார். கண்ணாடி என்பவர் முடி வெட்டுகிறவர். நாள் முழுக்கக் கண்ணாடியைப் பார்த்தே வேலை செய்கிறவர், காரில் ஏறினால் மட்டும் அதைப் பார்க்கமாட்டார். ராத்திரி சாப்பிடும்போது அவர் இவர்கள் கதையைச் சொல்லிச் சிரிப்பார். அப்படித்தான் அவளுக்கு எல்லோருடைய குறையும் தெரியும், ஒருவருடைய முகமும் தெரியாது.

கிளட்ச் காரில் ஏறினாள். அவளும் சுற்றிப் போய் மறுபக்கம் ஏறிக்கொண்டாள். ஏன் ஏறினாள் என்று கேட்டால் சொல்லத் தெரியாது. கார் கிளம்பினால் அந்த சீட்டில் ஏறி உட்கார்வது பழக்கம், அவ்வளவுதான். அவள் காலடியில், ஓட்டக் கற்றுக்கொடுப்பவருக்கென்று வைத்த கூடுதல் பிரேக் இருந்தது. கிளட்ச் கண்ணாடியைப் பார்த்து, திரும்பிப் பார்த்து, இண்டிகேட்டர் போட்டு, காரைப் பின்னால் எடுத்து எதிர்ச்சுவர் ஓரமாக நிறுத்தினாள். அங்கே வெயில் நேராக விழுந்தது. எஞ்சினை அணைத்த பிறகும் அவள் இறங்கவில்லை. இரண்டு சீட்டுக்கும் நடுவில், பின்னாலிருந்து நீட்டிக்கொண்டிருந்த பைப்பையே பார்த்தாள். பைப்பின் முனையில் ஒரு சோப்பு டப்பா, டப்பாவுக்குள் பழைய போன். பிறகு ஸ்டியரிங்கின் மேல் நெற்றியை வைத்துக்கொண்டு அழுதாள்.

அழுகிற பெண்ணைச் சும்மா பார்த்துக்கொண்டு இருக்க முடியாமல் அவள் முதுகைத் தடவிக் கொடுத்தாள். நேற்றிலிருந்து யாரிடமும் சொல்லாமல் நெஞ்சில் வைத்திருந்ததை, முன்பின் தெரியாத இவளிடம் சொல்லிவிட்டாள்.

"முந்தாநாள் ராத்திரி போதும்னு எழுந்தவரை நான்தான் உக்கார வச்சேன். இன்னும் ரெண்டு வாய் சாப்பிட்டுத்தான் எழுந்திருக்கணும்னு பிடிவாதம் பிடிச்சேன். வயித்துல அல்சரை வச்சுக்கிட்டு இருக்கற மனுஷன். காலையில பாத்ரூம்ல விழுந்துட்டாரு. உள்ளேயே ரத்தம் கசிஞ்சிருச்சாம்."

கிளட்ச் தலையைத் தூக்கினாள். "அல்சரா?"

"ஆமா. ரொம்ப நாளா இருக்கு. மருந்து சாப்பிட்டுட்டுதான் இருந்தாரு."

அந்தப் பெண் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். துடைத்து முடித்த பிறகும் கை முகத்திலேயே இருந்தது. கார் கதவின் கைப்பிடியைத் தொட்டாள், விட்டாள். வாசலில் நாற்காலிகளை யாரோ நகர்த்திப் போடும் சத்தம் கேட்டது.

"அக்கா, நீங்க சாப்பிடச் சொன்னதால எதுவும் ஆகல. அவருக்குக் கணையத்துல கட்டி. நாலு மாசத்துக்கு முன்னாடியே தெரியும். கடைசியில மாஸ்டர் உங்ககிட்ட சொல்லிடுவார்னு நினைச்சோம்."

"யார் சொன்னாங்க உங்களுக்கு?"

"அவர்தான். இதுல பேசி அனுப்பினாரு." கிளட்ச் சோப்பு டப்பாவைக் காட்டினாள்.

"உங்களுக்கு மட்டுமா?"

"வாட்ஸ்அப் குழுவுல இருக்கற எல்லாருக்கும்தான். எண்பத்தி நாலு பேர்."

பிறகு கிளட்ச் தானாகவே எல்லாவற்றையும் சொன்னாள். டெஸ்ட் பாக்கி இருந்தவர்கள் இரண்டு மாதத்துக்குள் முடித்துவிட வேண்டும் என்று தேதி போட்டுக் கொடுத்தாராம். அதற்குள் முடியாதவர்கள் பாலத்தடியில் இருக்கும் இன்னொரு வாத்தியாரிடம் போக வேண்டும், அவரிடம் சொல்லி வைத்திருக்கிறேன் என்றாராம். யாரும் பாதியில் நிற்கக் கூடாது என்பதில் குறியாக இருந்தாராம். மத்தியானச் சாப்பாட்டை அவரால் சாப்பிட முடியவில்லை, டப்பா நிறைய வீட்டுக்குப் போனால் சந்தேகம் வரும் என்று அந்த நேரம் பழக வருகிறவர்களுக்குக் கொடுத்துவிடுவாராம்.

"உங்க கை சாப்பாடு எனக்குத் தெரியும்க்கா," என்றாள் கிளட்ச். ஆறுதலாக இருக்கும் என்று நினைத்துத்தான் சொன்னாள்.

அவள் கதவைத் திறந்து இறங்கினாள். சாவியை வாங்கிக்கொள்ள மறக்கவில்லை.

அந்த பைப்பை வைத்தது போன வருஷம். காரில் சொல்வதெல்லாம் வீட்டுக்குப் போனால் மறந்துவிடுகிறது என்று பழக வந்தவர்கள் சொன்னார்களாம். ஓட்டும்போது படம் எடுத்து அவர்களுக்கு அனுப்பலாம் என்று அவருக்குத் தோன்றியது. கடையில் விற்கிற தாங்கி ஒன்றை வாங்கி முன்கண்ணாடியில் ஒட்டினார். வெயில் ஏறியதும் அது இரண்டு முறை பிடி விட்டு அவர் மடியில் விழுந்தது. தவிர, அது ரோட்டைத்தான் காட்டியது. ரோட்டை எல்லோரும் பார்க்கிறார்கள், கையை யாரும் பார்ப்பதில்லை என்பது அவர் கட்சி. ஸ்டியரிங்கும் கியரும் இரண்டு கையும் ஒன்றாகத் தெரிய வேண்டும் என்றால் கேமரா பின்னாலிருந்து, இரண்டு சீட்டுக்கும் நடுவிலிருந்து பார்க்க வேண்டும்.

குளியலறை ரிப்பேரில் மிஞ்சிய அரை இஞ்சு பைப் ஒன்று மாடிப்படிக்கு அடியில் கிடந்தது. அவளுடைய தையல் டேப்பால் இரண்டு சீட்டின் தலைச்சாய்வுக்கும் இடையில் உள்ள தூரத்தை அளந்தார். சமையலறைப் படியில் பைப்பை வைத்து ஆக்ஸா பிளேடால் அறுத்தார், அவள் மறுமுனையைக் காலால் மிதித்துக்கொண்டாள். கோணலாகத்தான் அறுபட்டது. நேராக அறுக்கத் தெரியாதவர் ஊருக்கெல்லாம் நேராக ஓட்டச் சொல்லிக்கொடுக்கிறார் என்று அவள் திட்டினாள். அவர் வழக்கம் போலத் தலையைக் கவிழ்த்துக்கொண்டு தரையைப் பார்த்துச் சிரித்தார். அவள் திட்டினால் அவர் எதிர்ப்பேச்சு பேசியதில்லை. தலை மெல்லக் கவிழும், கீழே பார்த்து ஒரு சிரிப்பு, அதோடு சரி.

தலைச்சாய்வுகளின் கம்பியில் குறுக்காக ஒரு பைப், நடுவில் மூன்று பக்கம் பைப் செருகும் ஒரு டீ இணைப்பு, அதிலிருந்து முன்னால் கொஞ்சம் நீளும் ஒரு துண்டு பைப், அதன் முனையில் முழங்கை போல வளைந்த ஒரு எல்போ, எல்போவில் மூடி அறுத்த சோப்பு டப்பா. பைப் ஒட்டும் கம் போட்டால் திருப்ப முடியாது என்று எதற்கும் கம் போடவில்லை. முதல் நாள் எடுத்த படத்தில் அவர் பேசியது ஒன்றும் கேட்கவில்லை. பைப் கடகடவென்று ஆடியது பாத்திரக் கடை மாதிரி இருந்தது. அப்போதுதான் விஷயம் அவளிடம் வந்தது. அவள் கார் சீட்டுக்கு உறை தைக்கும் பட்டறையில் இருபது வருஷமாக வேலை செய்கிறவள். மிஞ்சிய ஃபோம் துண்டையும் ரெக்ஸினையும் கொண்டு வந்து பைப்புக்குச் சட்டை தைத்தாள். எலாஸ்டிக் பட்டை, வெல்க்ரோ, எல்லாவற்றுக்கும் நைலான் நூலில் இரட்டைத் தையல். எல்போவைச் சுற்றியும் ஃபோம் வைத்து இறுக்கிக் கட்டினாள். ஆட்டம் நின்றது.

ஆனால் அதில்தான் ஒரு தப்பும் நடந்தது. சீட்டு தைக்கிறவள் சீட்டுக்கு வைக்கும் ஃபோமைத்தான் வைப்பாள். உட்கார்ந்தால் அமுங்க வேண்டிய சரக்கு அது. வெயிலில் கார் சூடேறினால் எல்போவைச் சுற்றியிருந்த ஃபோம் இளகி, போனின் கனம் தாங்காமல் கேமரா மெல்லத் தலையைத் தொங்கப்போடும். மாற்றித் தருகிறேன் என்று அவள் எத்தனையோ முறை சொல்லிவிட்டாள். வேண்டாம் என்றார். ஓட்டிக்கொண்டே, திரும்பிப் பார்க்காமல், இரண்டு விரலைப் பின்னால் நீட்டி அதன் முகவாயைத் தூக்கிவிடுவாராம். தூங்குமூஞ்சி என்று அதற்கும் ஒரு பெயர் வைத்திருந்தார்.

எடுத்த படம் ஒன்றையும் அவள் பார்த்ததில்லை. கையைத்தானே காட்டுகிறார், அந்தக் கையை முப்பது வருஷமாகப் பார்க்கிறேன் என்று இருந்துவிட்டாள்.

கூடத்துக்குத் திரும்பி அவருடைய தலைமாட்டில் உட்கார்ந்தாள். வருகிறவர்களின் முகங்கள் இப்போது வேறு மாதிரி தெரிந்தன. ஒவ்வொருவராக வந்து, திடீர் பிரேக், கண்ணாடி என்று தங்களைச் சொல்லிக்கொண்டார்கள். கும்பிட்டார்கள். அவர்கள் கண் கலங்கியிருந்தது, ஆனால் யாரும் அதிர்ந்து போயிருக்கவில்லை. அவர்களுக்கு நாலு மாதம் கிடைத்திருக்கிறது. அவளுக்கு ஒரு நாள், அதுவும் பொய்யான ஒரு நாள். நேற்று முழுக்க அவர் சாவுக்குத் தான்தான் காரணம் என்று வெந்துகொண்டிருந்தாள். காலில் விழுந்து கதறக்கூட அவளுக்குத் தகுதி இல்லை என்று நினைத்தாள். இவர்களில் யாரைக் கேட்டிருந்தாலும் ஒரு வார்த்தையில் அந்தச் சுமையை இறக்கி வைத்திருப்பார்கள்.

ஒன்றன் பின் ஒன்றாக ஞாபகம் வந்தது. இரண்டு மாதத்துக்கு முன்னால் அவளுடைய அக்காவுக்கு முழங்கால் ஆபரேஷன். போகவா வேண்டாமா என்று அவள் தயங்கியபோது, "போய்ட்டு வா, நான் என்ன குழந்தையா," என்று டிக்கெட் எடுத்துக் கொடுத்து அனுப்பி வைத்தவர் அவர். பன்னிரண்டு நாள் அங்கே இருந்தாள். தினமும் சாயங்காலம் போன் போட்டு, சாப்பிட்டீர்களா, கேஸை மூடினீர்களா என்று அதட்டினாள். பன்னிரண்டு நாள். தெரிந்திருந்தால் ஒரு நாள்கூடப் போயிருக்க மாட்டாள். சோம்பேறியாகிவிட்டீர்கள், மத்தியானத்தில் வந்து படுத்துக்கொள்கிறீர்கள் என்று கத்தியிருக்கிறாள். குரல் அடுத்த வீடு வரை கேட்கும். சாகப்போகிறவரைத் தினமும் திட்டியவள் என்று அவளை ஆக்கிவிட்டு, இப்போது எதுவும் நடக்காதது போல் கண்ணை மூடிக்கொண்டு படுத்திருக்கிறார். எழுப்பி உட்கார வைத்து நாலு கேட்க வேண்டும் போல் அவளுக்கு ஆத்திரம் வந்தது.

மத்தியானம் மகள் வந்தாள். அப்பா மேல் விழுந்து அழுதாள், பிறகு அம்மாவைக் கட்டிக்கொண்டு அழுதாள். அழுது ஓய்ந்ததும் மகளைப் பின்கட்டுக்கு முகம் கழுவக் கூட்டிப் போனாள். குழாயைத் திறந்துவிட்டு, மகள் குனிந்து முகத்தில் தண்ணீர் அடித்துக்கொள்ளும்போது கேட்டாள்.

"உனக்குத் தெரியுமா?"

மகள் நிமிரவில்லை. தண்ணீர் முகத்திலிருந்து சொட்டிக்கொண்டே இருந்தது. எது என்று கேட்கவுமில்லை.

"நானும் அந்தக் குழுவுல இருக்கேன்மா," என்றாள் கடைசியில். "ஓட்டப் பழகினப்ப சேர்த்து விட்டாரு. அப்பறம் எடுக்க மறந்துட்டாரு போல. ஆபீஸ்ல உக்காந்திருக்கேன், வந்துச்சு. கிளட்ச் பிடிக்கறது எப்படின்னு எப்பவும் அனுப்புவாரே, அப்படி ஏதோன்னு நினைச்சுத் திறந்தேன்."

"கார் ஓட்டத் தெரிஞ்சவங்களுக்கு மட்டும்தான் சொன்னாரா?"

"அம்மா."

"சொல்லு. ஓட்டத் தெரிஞ்சிருந்தா எனக்கும் வந்திருக்குமா?"

மகள் மறுபடியும் அழ ஆரம்பித்தாள். அன்றைக்கே போன் பண்ணினாளாம். அப்பா சத்தியம் வாங்கிக்கொண்டாராம். நேரம் பார்த்து நானே சொல்கிறேன், நீ வாயைத் திறக்காதே என்றாராம். நடுவில் இரண்டு முறை லீவு போட்டுவிட்டு வந்தாளே, சும்மா பார்க்க வந்தேன் என்றாளே, அது எதற்கு என்று இப்போது புரிந்தது. அப்போது மகள் அப்பாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டே டிவி பார்த்தாள். கல்யாண வயதில் என்ன கொஞ்சல் என்று அவள்தான் அதட்டினாள். அப்பாவும் மகளும் ஒருவரை ஒருவர் பார்த்துச் சிரித்துக்கொண்டார்கள்.

அவள் குழாயை மூடினாள். துண்டை மகள் தோளில் போட்டுவிட்டுக் கூடத்துக்கு வந்தாள்.

அதற்குப் பிறகு வண்டி வரும் வரை மூன்று மணி நேரம், அவள் அவருக்குப் பக்கத்திலேயே அசையாமல் இருந்தாள். கல்லாகிவிட்டாள், எப்படியாவது அழ வையுங்கள் என்று பெண்கள் பேசிக்கொண்டது காதில் விழுந்தது. கொழுந்தன் வந்து மண்டியிட்டு உட்கார்ந்து, "அண்ணி, அழுதுடுங்க," என்றான். அவனுக்கு எப்போது தெரியும் என்று கேட்டாள். நேற்று டாக்டர் சொல்லித்தான் தெரியும் என்றான், காரியம் முடிந்ததும் சொல்லலாம் என்றிருந்தானாம். அவன் பொய் சொல்கிறவன் இல்லை. ஆனாலும் அவனும் அவளை ஒரு நாள் முந்திவிட்டான்.

அவர் முகத்தைப் பார்த்தாள். கன்னம் எப்போது இப்படி ஒட்டியது? பட்டறையில் ஒரு சீட்டைக் கண்ணால் பார்த்தே அரை இஞ்சு கூடுதல், கால் இஞ்சு குறைவு என்று சொல்லிவிடுகிறவள் அவள். அவள் கையாலேயே மூன்று முறை இடுப்பைப் பிடித்துத் தைத்திருக்கிறாள். மருந்துச் சீட்டைக் காட்டாமல் ஏமாற்றலாம், டப்பாவைக் காலியாக்கி ஏமாற்றலாம். இடுப்பு அளவைக் காட்டியே ஏமாற்றிவிட்டார். நான் ஏமாந்தேனா, ஏமாறுவதற்கு வசதியாக நானே கண்ணை மூடிக்கொண்டேனா என்று ஒரு நினைப்பு வந்தது. அதை அவள் வளர விடவில்லை. அவர் மேல் இருந்த கோபம் குறைந்துவிடும் என்று பயமாக இருந்தது.

நாலு மணிக்கு எடுத்தார்கள். பழகியவர்களின் கார்கள் பின்னால் வந்தன. பதினேழு கார்கள். ஒன்றும் ஒன்றை முட்டவில்லை, ஒன்றுக்கும் மற்றதுக்கும் ஒரே இடைவெளி, திருப்பத்தில் எல்லாம் வரிசையாக இண்டிகேட்டர். யாரும் ஹாரன் அடிக்கவில்லை. தெருமுனைக் கடைக்காரர் வெளியே வந்து நின்று, இந்த மாதிரி ஒழுங்கை இந்த ரோடு பார்த்ததே இல்லை என்றார். கிளட்ச்சின் சொந்தக் காரில் முன்சீட்டில் உட்கார்ந்திருந்த அவளுக்கு, அவர் இதைப் பார்த்தால் சாப்பாட்டு நேரத்தில் ஒரு வாரம் பேசுவார் என்று தோன்றியது. தோன்றியதற்காகத் தன் மேலேயே எரிச்சல் வந்தது.

திரும்பி வந்தபோது வெயில் இன்னும் இறங்கவில்லை. கூட்டம் கலைந்திருந்தது. கொழுந்தன் நாற்காலிகளை அடுக்கிக்கொண்டிருந்தான். அவள் குளித்துவிட்டு வந்து மகளைக் கூப்பிட்டு, அதைப் போட்டுக் காட்டு என்றாள். இன்றைக்கு வேண்டாம் என்று மகள் கெஞ்சினாள். எண்பத்து நாலு பேர் பார்த்ததைப் பார்க்க எனக்கு நாள் பார்க்க வேண்டுமா என்று கேட்ட பிறகு, போனை எடுத்தாள்.

படத்தில் அவருடைய பின்மண்டை, ஸ்டியரிங், அதன் மேல் இரண்டு கை. கார் எங்கோ மரத்தடியில், எஞ்சின் ஓடியபடி நிற்கிறது. பக்கத்து சீட்டில் கிளட்ச்சின் தோள் தெரிந்தது. அவர் பாடம் நடத்தும் குரலிலேயே பேசினார். "இன்னைக்கு ஓட்டறதைப் பத்தி இல்ல. எனக்கு உடம்புல ஒரு கோளாறு. டாக்டர் நாலஞ்சு மாசம்னு சொல்றாரு. அதனால நம்ம டெஸ்ட் தேதியெல்லாம் கொஞ்சம் முன்னாடி கொண்டு வருவோம்." பிறகு ஒவ்வொரு குறையாகக் கூப்பிட்டு, யார் எந்த வாரம் வர வேண்டும் என்று சொல்லிக்கொண்டே போனார்.

சொல்லச் சொல்லப் படம் மெல்லக் கீழே இறங்கியது. அவள் வைத்த ஃபோம்தான். ஸ்டியரிங்கின் மேல்பாதி போய், கியர் நடுவுக்கு வந்தது, கைபிரேக் வந்தது. குரல் அதே தெம்போடு தேதிகளைச் சொல்லிக்கொண்டிருந்தது. கியர் மேல் இருக்க வேண்டிய இடது கை அங்கே இல்லை. அது விலாவுக்குக் கீழே அழுந்தி, சட்டையைக் கசக்கிப் பிடித்திருந்தது. கைபிரேக்குக்குப் பின்னால், இரண்டு சீட்டுக்கும் நடுவில், அவளுடைய சாப்பாட்டு டப்பா இருந்தது. மூடியில் அவள் இரட்டையாகச் சுற்றிய ரப்பர் பேண்ட் அப்படியே இருந்தது.

எந்த நாள் என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது. டப்பா நிறையத் திரும்பி வந்த ஒரே நாள். விடிகாலையில் எழுந்து செய்து கொடுத்தால் இப்படியா என்று அவரை வாசலிலேயே நிறுத்தி வைத்துக் கத்தினாள். அவர் தலையைக் கவிழ்த்துக்கொண்டு சிரித்தார். என்ன சிரிப்பு என்று அதற்கும் கத்தினாள்.

போனில் கிளட்ச்சின் குரல் கேட்டது. "வீட்ல அக்காவுக்குத் தெரியுமா மாஸ்டர்?"

"தெரியாது. தெரிய வேணாம். தெரிஞ்சா அன்னைக்கே திட்டறதை நிறுத்திடுவா. அவ திட்டறதை நிறுத்திட்டா நான் செத்துட்டேன்னு எனக்கே தெரிஞ்சிரும். கொஞ்ச நாள் வழக்கம் போல திட்டு வாங்கிட்டு இருக்கேனே."

கிளட்ச் சிரித்தாள். சிரிப்பு பாதியிலேயே மூக்கு உறிஞ்சுவதாக மாறியது. அப்போது அவருடைய இரண்டு விரல் பெரிதாக, மங்கலாகக் கேமராவுக்கு வந்தது. படம் துள்ளி மேலே ஏறியது. பின்மண்டையும் ஸ்டியரிங்கும் திரும்ப வந்தன. அதோடு முடிந்தது.

மகள் அம்மாவின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். இதைக் கேட்டால் அம்மா உடைந்துவிடுவாள், உடைந்து மன்னித்துவிடுவாள் என்று எதிர்பார்த்திருப்பாள் போல.

"அவருக்குத் திட்டு வேணும்னா கேட்டிருக்கலாமே," என்றாள் அவள். குரல் தணிந்துதான் இருந்தது. "தெரிஞ்சே திட்டியிருப்பேன். எனக்குத் திட்டத் தெரியாதா? உக்கார வச்சு ஊட்டிக்கிட்டே திட்டியிருப்பேன். என்னால முடியாதுன்னு அவரா முடிவு பண்ணிட்டாரு."

அவள் எழுந்து போய்த் தையல் பெட்டியிலிருந்து தையல் பிரிக்கும் கத்தியை எடுத்துக்கொண்டாள். சாவியை எடுத்துக்கொண்டு வெளியே வந்தாள்.

கார் நாள் முழுக்க வெயிலில் நின்றிருந்தது. பின்கதவைத் திறந்ததும் அனல் முகத்தில் அடித்தது. பின்சீட்டின் நடுவில் உட்கார்ந்தாள். அவள் தைத்த சீட் உறைதான், தையல் ஒன்றுகூட விடவில்லை. முன்னால் அந்தக் கேமரா பார்க்கிற அதே காட்சி: ஸ்டியரிங், கியர், ஆள் இல்லாத சீட். தன் எலாஸ்டிக், தன் ஃபோம், தன் நூல் என்று எல்லாவற்றையும் பிரித்து எடுத்துவிட வேண்டும் என்றுதான் வந்தாள். இதைத் தைத்துக் கொடுக்காமல் இருந்திருந்தால் அவர் பேசியது பாத்திரக் கடைச் சத்தத்தில் யாருக்கும் கேட்டிருக்காது. இடது பக்கப் பட்டையின் அடியில் கத்தியைக் கொடுத்தாள். இரட்டைத் தையல் லேசில் விடவில்லை. ஒவ்வொரு கண்ணியாக அறுத்து ஒரு பட்டையைக் கழற்றுவதற்குள் கழுத்தெல்லாம் வேர்த்துவிட்டது.

இரண்டாவது பட்டைக்குக் குனிந்தபோது, கைபிரேக்குக்குப் பின்னால் அது தெரிந்தது. முந்தாநாள் டப்பா. கொண்டு வரவில்லையா என்று கேட்டதற்கு, காரிலேயே மறந்துவிட்டேன் என்று சொன்னார். எடுத்தபோது கனமாக இருந்தது. ரப்பர் பேண்ட் இரட்டையாக, அவள் சுற்றியபடியே இருந்தது. முந்தாநாள் மத்தியானம் யாரும் பழக வரவில்லை போலிருக்கிறது.

மடியில் வைத்துத் திறந்தாள். இரண்டு நாள் சூட்டில் கெட்டுப்போன வாடை காரை நிறைத்தது. ஒரு வாய்கூட எடுத்திருக்கவில்லை. ஓரத்தில், தொட்டுக்கொள்ளத் தனியாகக் கட்டி வைத்த சின்னப் பொட்டலமும் பிரிக்கப்படாமல் இருந்தது.

"இன்னைக்கும் அப்படியே கொண்டு வந்திருக்கீங்களா," என்று வாய் தானாக ஆரம்பித்தது. "விடிகாலையில எழுந்து..."

முன்னால், சூட்டில் இளகிய ஃபோமில், கேமரா மெல்லத் தலையைக் கவிழ்த்தது. கொஞ்சம் கொஞ்சமாக இறங்கி, கைபிரேக்கைப் பார்த்து நின்றது.

அவள் கத்தியை சீட்டின் மேல் வைத்தாள்.